பங்கின் அடக்க விலை

விருதுநகர்ச் சந்தையில் வத்தல், மல்லி, உளுந்து, துவரை ஆகிய சரக்குகளின் விலை நாளுக்கு நாள் மாறினாலும், அவற்றை வாங்கும் வணிகர் கணக்குப் போடும் முறை தலைமுறைகளாக மாறவில்லை. மூட்டைக்குப் பேசி முடித்த விலையோடு தரகு, ஏற்றுகூலி, இறக்குகூலி, சாக்கு, லாரி வாடகை, மகமை, சேதாரம் ஆகிய அனைத்தையும் கூட்டி வரும் தொகையே அவருக்கு அடக்க விலை. அது தெரியாமல் ஒரு மூட்டையையும் அவர் விற்க முன்வருவதில்லை. இதே மாவட்டத்தின் வணிகக் குடும்பங்களும், சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களைச் சார்ந்து வாழும் குடும்பங்களும் கைப்பேசி வழியாகவே பங்கு வாங்கத் தொடங்கிவிட்ட இந்நாளில், வாங்கிய பங்கின் அடக்க விலை எவ்வளவு என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் கேட்கப்படாமலே போகிறது. திரையில் தெரியும் சந்தை விலையே வாங்கிய விலை என்று கொள்ளப்படுகிறது. அது தவறான கணக்கு என்பதும், அத்தவற்றின் சுமை சிறுதொகை போடுவோர் மீதே அதிகம் விழுகிறது என்பதும் விளக்கமாக எடுத்துச் சொல்லப்பட வேண்டியவை.

பங்கு என்பது இம்மாவட்டத்துக்குப் புதியதன்று. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-இல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸும், முன்பு மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்று பெயர் கொண்டிருந்து, விருதுநகரை அடுத்த ராமசாமி ராஜா நகரில் தன் முதல் ஆலையை நிறுவிய ராம்கோ சிமெண்ட்ஸும் பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனங்கள். நாடார் சமூக வணிகர்களின் முயற்சியால் 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தோன்றி, 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறிய வங்கியோ, நூறாண்டு கடந்த பின், 2022 செப்டம்பரில் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டுச் சந்தைக்கு வந்தது. அவ்வெளியீட்டில் பங்கு ஒன்றின் விலை 510 ரூபாய். குறைந்தபட்சம் 28 பங்குகளுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், ஒரு தொகுதிக்கு 14,280 ரூபாய் ஆயிற்று. புதிய பங்கு வெளியீட்டில் வாங்குவோருக்குத் தரகும் இல்லை, பங்குப் பரிவர்த்தனை வரியும் இல்லை. ஒதுக்கீடு முடியும்வரை பணம் விண்ணப்பதாரரின் வங்கிக் கணக்கிலேயே முடக்கி வைக்கப்பட்டு, பங்கு கிடைத்தால் மட்டுமே எடுக்கப்படுகிறது. ஆகவே அங்கே பங்கின் விலையும் அடக்க விலையும் ஒன்றே. அதே பங்கை, அது பட்டியலான செப்டம்பர் 15-ஆம் நாளிலோ அதன் பின்னரோ சந்தையில் வாங்கியவருக்கு அவ்விரண்டும் ஒன்றல்ல.

சந்தையில் பங்கு வாங்கும்போது விலைக்கு மேல் சேரும் செலவுகள் ஐந்து கைகளுக்குப் போகின்றன. முதலாவது தரகு, பங்குத் தரகர் தம் சேவைக்கு எடுத்துக்கொள்ளும் கூலி அது. அடுத்தது பங்குப் பரிவர்த்தனை வரி. பங்கை டிமேட் கணக்கில், அதாவது பங்குகளை மின்பதிவாகச் சேமித்து வைக்கும் கணக்கில், ஏற்றுக்கொள்ளும் வகையில் வாங்கினாலும் அங்கிருந்து விற்றாலும், தொகையில் 0.1 விழுக்காடு ஒன்றிய அரசுக்குச் செல்கிறது. முத்திரைத் தீர்வை வாங்குபவரிடம் மட்டும் 0.015 விழுக்காடு பெறப்படுகிறது. 2020 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் ஒரே விகிதமாக்கப்பட்ட இத்தீர்வை வாங்குபவர் வசிக்கும் மாநிலத்துக்கே சேர்வதால், சிவகாசிக்காரர் வாங்கும் ஒவ்வொரு பங்கிலும் தமிழ்நாடு அரசுக்குச் சிறு பங்கு உண்டு. பங்குச் சந்தை நிறுவனம் லட்ச ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்று ரூபாய் எடுத்துக்கொள்கிறது; சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு கோடி ரூபாய்க்குப் பத்து ரூபாய் பெறுகிறது. இவற்றுள் தரகு, சந்தைக் கட்டணம், செபி கட்டணம் ஆகியவற்றின் மீது மட்டும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. பரிவர்த்தனை வரிக்கும் முத்திரைத் தீர்வைக்கும் அது கிடையாது.

எண்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஒருவர் பங்கு ஒன்று 500 ரூபாய் வீதம் 100 பங்குகளை, 0.5 விழுக்காடு தரகு பெறும் மரபான தரகர் ஒருவர் வழியாக வாங்குகிறார் என்று கொள்வோம். விலை 50,000 ரூபாய். தரகு 250 ரூபாய். பரிவர்த்தனை வரி 50 ரூபாய். முத்திரைத் தீர்வை ஏழரை ரூபாய். சந்தைக் கட்டணம் ஒன்றரை ரூபாய். செபி கட்டணம் ஐந்து காசு. ஜிஎஸ்டி 45 ரூபாய் 28 காசு. ஆக மொத்தம் ஏறக்குறைய 354 ரூபாய் கூடுகிறது. 100 பங்குக்கு அதைப் பகிர்ந்தால், ஒரு பங்கின் அடக்க விலை 503 ரூபாய் 54 காசு. கணக்கு இத்துடன் முடிவதில்லை. விற்கும்போது தரகும் பரிவர்த்தனை வரியும் மீண்டும் வரும். அத்துடன், டிமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேறுவதற்காக, ஒரு நிறுவனத்தின் பங்கை ஒரே நாளில் எத்தனை விற்றாலும் ஒரே தொகையாகப் பதினைந்து ரூபாய் அளவில் ஒரு கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கப்படும். இவையனைத்தையும் கழித்துப் போட்ட பணம் அப்படியே கைக்குத் திரும்ப வேண்டுமானால், பங்கின் விலை 507 ரூபாய் 24 காசுக்கு ஏறியாக வேண்டும். 505 ரூபாயில் விற்றவர் ஐந்நூறு ரூபாய் லாபம் என்று எண்ணிக்கொள்ளலாம். உண்மையில் அவர் இருநூறு ரூபாய்க்கு மேல் இழந்திருக்கிறார்.

இதே வாங்குதலை, பங்கை எடுத்து வைத்துக்கொள்வோரிடம் தரகு வாங்காத தரகர் ஒருவர் வழியாகச் செய்திருந்தால், வாங்கும் செலவு 59 ரூபாயாகக் குறைந்து, முதல் திரும்பும் விலை 501 ரூபாய் 29 காசு ஆகியிருக்கும். ஒரே பங்கு, ஒரே நாள், ஒரே சந்தை. ஆனால் இருவருக்கும் முதல் திரும்பும் விலைகளுக்கு இடையில் ஏறத்தாழ ஆறு ரூபாய் வேறுபாடு. மரபான தரகர் ஆலோசனை, ஆய்வறிக்கை, நேரில் சென்று கேட்கும் வசதி ஆகியவற்றைத் தருகிறார் என்பதால் அவருடைய தரகு நியாயமற்றது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. அந்த ஆலோசனைக்கு எவ்வளவு விலை கொடுக்கப்படுகிறது என்பதை வாங்குபவர் அறிந்து கொடுக்கிறாரா என்பதே கேள்வி.

தரகுக்குச் சட்டத்தில் உச்சவரம்பு உண்டு. பங்குச் சந்தை விதிகளின்படி தரகர் தொகையில் இரண்டரை விழுக்காட்டுக்கு மேல் பெறக் கூடாது. பங்கின் விலை பத்து ரூபாயோ அதற்குக் குறைவோ ஆனால் பங்கு ஒன்றுக்கு 25 காசு வரை பெறலாம். இந்த வரம்பு தாள் சான்றிதழ்க் காலத்தின் அளவுகோல். அக்காலத்தில் விருதுநகரில் இருந்து ஒருவர் பங்கு வாங்கினால், வெளியூர்த் தரகரின் சொல்லையே விலையாக ஏற்று, பதிவு அஞ்சலில் வரும் சான்றிதழுக்குக் காத்திருந்து, மாற்றுப் பத்திரத்தில் பங்கு மாற்று வில்லைகளை ஒட்டி நிறுவனத்துக்கு அனுப்பி, கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அது திரும்பி வராமல் இருந்தால் மட்டுமே பங்குக்கு உரியவர் ஆனார். 1994-இல் தேசியப் பங்குச் சந்தையில் கணினி வழிப் பங்கு வணிகம் தொடங்கியதும், 1996-இல், பங்குகளை மின்பதிவாக வைத்திருக்க வழிசெய்த வைப்பகச் சட்டம் வந்ததும் அந்த இடர்களை ஒழித்தன; 2023 ஜனவரி இறுதி முதல் வாங்கிய மறுநாளே பங்கு கணக்குக்கு வந்துவிடுகிறது. செலவும் பெருமளவு குறைந்திருக்கிறது. செலவு குறைந்தது என்பதற்காக அதைப் பார்க்கும் பழக்கமும் குறைந்துபோனதுதான் கவலைக்குரியது.

சிறுதொகை போடுவோரின் நிலையைத் தனியாகப் பார்க்க வேண்டும். பட்டாசு ஆலைத் தொழிலாளியின் கூலி வாரக்கணக்கில் வருகிறது. தீபாவளியையொட்டிப் போனஸ் கிடைக்கிறது. அதன் பின் ஆலைகள் சில காலம் மூடப்பட்டும் இருக்கும். இப்படிப்பட்ட வருவாயிலிருந்து ஒருவர் இரண்டாயிரம் ரூபாயை ஒதுக்கி, ஓர் ஆணைக்கு இருபது ரூபாய் என்று நிலையான தரகு பெறும் தரகரிடம் பங்கு வாங்குகிறார் என்று கொள்வோம். தரகும் அதன் ஜிஎஸ்டியும் 23 ரூபாய் 60 காசு, மற்ற வரிகள் இரண்டரை ரூபாய்க்குள். வாங்கும் செலவு மட்டும் 26 ரூபாய், அதாவது 1.3 விழுக்காடு. விற்கும்போது டிமேட் கட்டணமும் சேர்ந்து ஏறத்தாழ 43 ரூபாய் போகும். இரண்டும் சேர்ந்து மூன்றரை விழுக்காட்டைத் தொடுகிறது. ஐம்பதாயிரம் போட்டவருக்கு மரபான தரகரிடமே ஒன்றரை விழுக்காட்டுக்குள் முடியும் செலவு, இரண்டாயிரம் போட்டவருக்கு மலிவான தரகர் என்று சொல்லப்படுபவரிடம் அதன் இரு மடங்கைத் தாண்டுகிறது. ‘வெறும் இருபது ரூபாய்’ என்ற விளம்பரம் பெருந்தொகைக்காரருக்கு உண்மை. சிறுதொகைக்காரருக்கு அது உண்மையன்று.

இத்துடன் டிமேட் கணக்கின் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. பலர் சில நூறு ரூபாயை ஆண்டுதோறும் இதற்காகச் செலுத்துகிறார்கள். ஆனால் ஒருவருக்கு ஒரே டிமேட் கணக்கு மட்டும் இருந்து, அதில் உள்ள பங்குகளின் மதிப்பு நான்கு லட்ச ரூபாயைத் தாண்டாமல் இருந்தால், அடிப்படைச் சேவை டிமேட் கணக்கு என்ற பிரிவின் கீழ், 2024 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பராமரிப்புக் கட்டணம் ஏதும் இல்லை. பத்து லட்சம் வரை நூறு ரூபாய்தான். சிறு முதலீட்டாளருக்காகவே செய்யப்பட்ட இந்த ஏற்பாடு சிறு முதலீட்டாளரின் காதுக்கே எட்டாமல் கிடக்கிறது என்றால், அதில் தரகர்களுக்கும் பொறுப்பு உண்டு.

தரகின் விகிதத்தைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. அது எத்தனை முறை வாங்கி விற்கிறோம் என்பது. மேலே சொன்ன 50,000 ரூபாயை அரை விழுக்காடு தரகில் மாதம் ஒருமுறை வாங்கி விற்பவர், ஓராண்டில் எட்டாயிரத்து அறுநூறு ரூபாய் அளவுக்குச் செலவாகவே கொடுத்துவிடுகிறார். அது போட்ட முதலில் 17 விழுக்காடு. அவருடைய பங்குகள் 17 விழுக்காடு ஏறினால்தான் அவர் தொடங்கிய இடத்தில் நிற்பார். அன்றே வாங்கி அன்றே விற்கும் நாள் வணிகத்தில் வரி விகிதங்கள் குறைவு என்றாலும், முறைகள் மிகுதி என்பதால் விளைவு கடுமையாகவே இருக்கிறது. 2022-23 நிதியாண்டின் நாள் வணிகத்தை ஆராய்ந்து செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, பத்துப் பேரில் ஏழு பேர் நட்டமடைந்தனர். நட்டமடைந்தவர்கள் தங்கள் வணிக நட்டத்துக்கு மேல், அதில் 57 விழுக்காட்டுக்குச் சமமான தொகையை வாங்கி விற்கும் செலவாகவும் கொடுத்திருந்தனர். பங்கை நேரடியாக வாங்காமல் அதன் விலையின் மீது ஒப்பந்தம் செய்யும் முன்பேர, தெரிவு வணிகத்தில் இது இன்னும் பெரிது. 2024 செப்டம்பரில் வந்த செபி ஆய்வு, மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்கள் இவ்வணிகத்தில் செலவாக மட்டும் ஏறத்தாழ 50,000 கோடி ரூபாய் கொடுத்ததாகவும், அதில் பாதிக்குச் சற்று மேல் தரகு என்றும், அவர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர் என்றும் கண்டது. ஊர்தோறும் தரகு நிறுவனங்களின் பெயரில் இயங்கும் முகவர்களின் வருமானமும் வாடிக்கையாளர் கொடுக்கும் தரகில் ஒரு பங்கே. வாடிக்கையாளர் வாங்கிய பங்கை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால் முகவருக்கு வரவு இல்லை. ‘இதை விற்று அதை வாங்குங்கள்’ என்று தொலைபேசியில் வரும் யோசனையை எடைபோடும்போது இந்த ஏற்பாட்டை மறக்கக் கூடாது.

எந்த ரசீதிலும் எழுதப்படாத செலவும் உண்டு. சந்தையில் எந்நேரமும் வாங்க முன்வருவோர் கேட்கும் உச்ச விலையும் விற்க முன்வருவோர் சொல்லும் அடிமட்ட விலையும் இருக்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள வேறுபாடு, நாள்தோறும் பல லட்சம் பங்குகள் கைமாறும் பெரிய நிறுவனங்களில் சில காசுகளாகவும், அரிதாகக் கைமாறும் சிறு நூற்பாலைகள் போன்றவற்றில் பல ரூபாய்களாகவும் இருக்கும். அத்தகைய பங்கை ‘சந்தை விலைக்கே’ என்று ஆணையிட்டு அவசரமாக வாங்குபவர், தரகில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கை இந்த இடைவெளியில் இழந்துவிடுகிறார்; இன்ன விலைக்கு மேல் வேண்டாம் என்று வரம்பிட்டு ஆணையிடுவது இதற்கு எளிய மருந்து. பட்டியலாகாத பங்குகளைத் தனியாரிடம் வாங்குவோருக்கு இந்தச் செலவு முழுக்கவே மறைந்திருக்கிறது. அங்கே தரகு இல்லை என்று சொல்லப்படும். விற்பவர் தாம் வாங்கிய விலைக்கும் கேட்கும் விலைக்கும் இடையில் தம் கூலியை வைத்துக்கொள்கிறார் என்பதால், அது எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரிய வழியே இல்லை.

அடக்க விலையைச் சரியாக எழுதி வைக்காததன் விளைவு வரி கட்டும் நாளில் தெரியவரும். பங்கு விற்ற லாபத்தைக் கணக்கிடும்போது, கொடுத்த தரகையும் அதன் ஜிஎஸ்டியையும் முத்திரைத் தீர்வையையும் செலவாகக் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது. பங்குப் பரிவர்த்தனை வரியை மட்டும் கழிக்க இடம் தரவில்லை. பல தவணைகளில் வாங்கிய பங்கில் ஒரு பகுதியை விற்றால், முதலில் வாங்கியது முதலில் விற்றதாகவே கொள்ளப்படும். சராசரி விலை என்று கைப்பேசிச் செயலி காட்டுவது வரிக்கு உதவாது. நிறுவனம் விலையின்றி வழங்கும் போனஸ் பங்குகளின் கணக்கோ பலரைத் திகைக்க வைப்பது. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, சந்தையில் பட்டியலாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்கு வைத்திருந்தவருக்கு 500 பங்குகளைப் போனஸாக வழங்கியது. முன்பு ஒரு பங்கை விலைக்கு வாங்கியிருந்த ஒருவர் தம் அடக்க விலையை 501 பங்குகளுக்கும் பகிர்ந்துகொள்வதே வணிகரின் இயல்பான கணக்கு. வருமான வரிச் சட்டத்தின் கணக்கு வேறு: விலை கொடுத்து வாங்கிய அந்த ஒரு பங்குக்கே அடக்க விலை முழுவதும், மற்ற 500 பங்குகளின் அடக்க விலை சுழியம். அவற்றை விற்றால் விற்ற தொகை ஏறத்தாழ முழுவதும் லாபமாகிவிடும். பரம்பரையாக வந்த பங்குகளை விற்க நினைக்கும் குடும்பங்கள் இதைக் கணக்கருடன் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

பரிவர்த்தனை வரியைக் கழிக்க முடியாமல் வைத்திருப்பதில் ஒரு நியாயக்கேடும் இருக்கிறது. நிதியமைச்சர் ப. சிதம்பரம் 2004-இல் இவ்வரியைக் கொண்டுவந்தபோது, அதற்கு ஈடாகச் சந்தையில் விற்கும் பங்குகளின் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி விலக்குத் தந்தார். வாங்கும்போதும் விற்கும்போதும் சிறிது கொடுங்கள், லாபத்தில் பங்கு கேட்க மாட்டோம் என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். 2018-இல் நீண்டகால ஆதாய வரி பத்து விழுக்காடாகத் திரும்பி வந்தது. 2024 ஜூலை 23 முதல் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு அது பன்னிரண்டரை விழுக்காடு ஆயிற்று. குறுகியகால ஆதாய வரி 20 விழுக்காடு ஆயிற்று. பரிவர்த்தனை வரி மட்டும் போகவில்லை. நட்டத்துக்கு விற்றவரும் அதைக் கட்டுகிறார். லாபத்துக்கு வரி உண்டு என்றால் பரிவர்த்தனை வரி நீக்கப்பட வேண்டும். அரசின் வருவாய்க்கு அது தேவை என்றால், குறைந்தபட்சம் அடக்க விலையில் சேர்த்துக் கழிக்கவேனும் இடம் தர வேண்டும்.

சிறு பிடித்தங்களை விருதுநகர் வெறுத்த ஊரன்று. ஒவ்வொரு மூட்டைக்கும் வணிகர்கள் தாமே விதித்துக்கொண்ட மகமையும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியும் சேர்ந்துதான், பின்னாளில் காமராசர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலைப் பள்ளியை வளர்த்தன. அந்த மகமை எவ்வளவு, எதற்கு, யார் கையில் போகிறது என்பது கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் மொழியிலேயே பேரேட்டில் எழுதப்பட்டும் இருந்தது. பங்கு வணிகத்தின் பேரேடு காண்ட்ராக்ட் நோட் எனப்படும் ஒப்பந்தச் சீட்டு. வணிகம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் தரகர் அதை அனுப்பியாக வேண்டும். வாங்கிய விலை, தரகு, ஒவ்வொரு வரியும் கட்டணமும் அதில் தனித்தனியே இருக்கும். ஆனால் அது மின்னஞ்சலில், கடவுச்சொல் இட்டுத் திறக்க வேண்டிய ஆங்கிலக் கோப்பாக வருகிறது. வரும் பத்தில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காதவர்கள் ஏராளம். வாடிக்கையாளரின் உரிமைகளும் கடமைகளும் அடங்கிய ஆவணம் வட்டார மொழிகளிலும் கிடைக்க வேண்டும் என்று வகுத்த செபி, அன்றாடம் பணம் பிடிக்கும் இந்தச் சீட்டையும் வாடிக்கையாளர் கேட்கும் மொழியில் தரச் சொல்வதற்குத் தடை ஏதும் இருக்க முடியாது. தமிழில் அச்சிடப்பட்ட சீட்டின் கடைசி வரியில், எல்லாச் செலவும் சேர்ந்த பங்கொன்றின் அடக்க விலையும், இன்ன விலைக்கு விற்றால்தான் முதல் திரும்பும் என்ற எண்ணும் இருக்குமாறு செபி விதி செய்ய வேண்டும்; கணினிக்கு அது நொடிப்பொழுது வேலை. அவ்விதி வரும்வரை, கணக்குத் தொடங்கும் நாளிலேயே தரகரிடம் கட்டண அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படிப்பதும், சீட்டின் அடியில் உள்ள மொத்தத் தொகையைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்து அடக்க விலையை ஒரு நோட்டில் குறித்து வைப்பதும் வாங்குபவர் தாமே செய்துகொள்ள வேண்டிய வேலைகள்.